கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பதா, கையைக் கொடுத்துச் சொல்லிக் கொடுப்பதா?

#1 புதுவகுப்பு

ஒன்பது வயது மாணவி, பிறவியிலேயே பார்வை இல்லை. பேச்சு, கேட்டல், புரிதல் எல்லாம் வயதுக்கு ஏற்ப இருக்கிறது. பழகிய பொருள்களைத் தானாகவே எடுத்துத் தடவுவாள். புதிய பொருளை அவள் கையைப் பிடித்துத் தொட வைத்தால் மட்டும் விரல்களை மடக்கி இறுக்கிக்கொள்கிறாள். களிமண், ஈரப் பஞ்சு மாதிரியானவை என்றால் கையை இழுத்து மடியில் வைத்துவிடுகிறாள். "கைமேல் கை வைக்காதே, கைக்குக் கீழே கை வை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி உட்காருவது, எந்த விரல் எங்கே இருக்க வேண்டும், எப்போது எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

#2 நுனிவிரல்

விரல் ஏன் மடங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பார்வையுள்ள குழந்தை ஒரு பொருளைத் தொடும் முன்பே கண்ணால் அதை அளந்துவிடுகிறது. இவளுக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. என்ன வரப்போகிறது என்று தெரியாமலே கை இழுத்துப் போகப்படுகிறது. மேலே இருக்கும் நம் கையின் எடையும் சூடும் புறங்கையில் விழுவதால், அடியில் இருக்கும் பொருளைப் பற்றிய சேதி அமுங்கியும் போகிறது. மடக்குவதை அடம் என்று எழுதி வைக்காதீர்கள், அது தற்காப்பு.

உட்காரும் இடம்: அவள் முகம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில் நீங்களும். எதிரில் உட்கார்ந்தால் உங்கள் வலது அவளுக்கு இடது. நீங்கள் இழுப்பது அவளுக்குத் தள்ளுவது. சின்னக் குழந்தை என்றால் பின்னாலிருந்து செய்யலாம். ஒன்பது வயதில் அது பொருந்தாது, பக்கத்தில் நாற்காலியை அரையடி பின்தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வலக்கை அவள் வலக்கைக்கு அடியில் வர வேண்டும், இடக்கை இடக்கைக்கு.

இனி வரிசையாக.

முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு உங்கள் புறங்கையால் அவள் முன்கையின் வெளிப்பக்கத்தை லேசாகத் தொடுங்கள். தினமும் அதே இடம், அதே தொடுகை. 5 முதல் 10 விநாடி பேசாமல் காத்திருங்கள். அவள் கை அசைந்து வந்தால், உள்ளங்கை தரையைப் பார்க்க உங்கள் கையை அவள் கைக்கு அடியில் பக்கவாட்டிலிருந்து நுழையுங்கள். அவள் விரல்கள் உங்கள் விரல் மூட்டுகளின்மேல் படுத்திருக்க வேண்டும்.

இப்போது பொருளைத் தொடுவது நீங்கள்தான். வெறுமனே தொட்டுக்கொண்டிருக்காமல் உண்மையிலேயே ஏதாவது செய்யுங்கள்: உருட்டுங்கள், அழுத்துங்கள், திறங்கள். உங்கள் தசை அசைவிலிருந்து அந்தப் பொருள் எப்படிப்பட்டது என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். பிறகு உங்கள் விரல்களைச் சற்று விரித்தால், இடுக்கு வழியாக அவள் விரல்நுனி பொருளில் இறங்கும். இறங்கினால் உங்கள் கையை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். முழுதாக எடுத்துவிட வேண்டாம், சுண்டுவிரல் ஓரமாவது ஒட்டியிருக்கட்டும். கை திடீரென்று மறைந்துபோனால் நீங்கள் எழுந்து போய்விட்டீர்களா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது.

கட்டைவிரலில் கவனம் வேண்டும். அது மேலே ஏறி அவள் கையைப் பூட்டிவிட்டால் அதுவும் கைமேல் கைதான், பெயர்தான் வேறு. அவள் கை எந்த நொடியும் எழுந்து போக முடிய வேண்டும்.

#3 கணக்குப்பெட்டி

சின்ன விஷயங்கள், ஆனால் பாடத்தைக் கெடுப்பவை:

மேசை அவள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். உயரமாக இருந்தால் மணிக்கட்டு மடங்கி, விரல்நுனிக்குப் பதில் விரலடி பொருளில் படும். பொருளை விளிம்புள்ள தட்டில் வைத்து, அடியில் வழுக்காத விரிப்பு போடுங்கள். தொட்டவுடன் நகர்ந்து போகிற பொருளை எந்தக் குழந்தையும் நம்பாது.

மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். உங்கள் கை இங்கே ஒரு பாடப்புத்தகம். அதில் சம்பந்தமில்லாத படங்கள் வேண்டாம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். குளிர்ந்த கை என்றால் முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

#4 கைத்தெரபி

> அதுவும் கைமேல் கைதான், பெயர்தான் வேறு

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைமேல் கை என்றாலே பாவம் என்கிற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று இடங்களில் அது தேவைப்படும். ஒன்று, ஆபத்து: சூடான பாத்திரத்தின்மேல் கை இறங்கும்போது முன்கையைத் தொட்டு 10 விநாடி எண்ணிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு, தசைத் திட்டமிடல் குறைபாடு: அசைவின் வடிவத்தை ஓரிரு முறை தன் உடலில் உணர்ந்தால்தான் சில மாணவர்களுக்குத் தொடங்கவே வரும். மூன்று, மாணவரே "பிடித்துக் காட்டுங்க" என்று கேட்கும்போது. எப்படியானாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், 2 அல்லது 3 விநாடியில் விட்டுவிடுங்கள், அடுத்த முயற்சி அவர்களுடையதாக இருக்கட்டும்.

விடாமல் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. கை தளர்ந்து வெறும் பயணி ஆகிவிடும். இன்னும் கொஞ்ச நாளில் கையை அந்தரத்தில் நீட்டி, யாராவது வந்து பிடிப்பார்கள் என்று காத்திருக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது புதிதாகக் கற்றுக் கொடுப்பதைவிடக் கஷ்டம்.

ஏற்கெனவே அப்படிப் பழகிவிட்டதென்றால் உதவியை உடலில் மேல்நோக்கி நகர்த்திக் குறையுங்கள்: கையிலிருந்து மணிக்கட்டு, முன்கை, முழங்கை, தோளில் ஒரு தொடுகை, பிறகு ஒரு சொல், பிறகு மௌனம். மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்காமல் கீழிருந்து இரண்டு விரலால் தாங்குங்கள். தடுமாறினால் ஒரு படிதான் கீழிறங்க வேண்டும், மறுபடி கையிலிருந்தே தொடங்கக் கூடாது.

மூளை முடக்குவாதமும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் உள்ளங்கையைத் தொட்டாலே விரல் இறுகி மூடிக்கொள்ளும். மூடிய விரலை நுனியிலிருந்து பிரித்தால் இறுக்கம் கூடும். புறங்கையைச் சுண்டுவிரல் பக்கமாக நீவிவிட்டு, தானாகத் தளரக் காத்திருங்கள். கைக்கு முன்னால் உட்காரும் நிலையைச் சரிசெய்ய வேண்டும். பாதம் தரையில் ஊன்றாமல் தொங்கினால் விரலில் நிதானம் வராது.

#5 ஆறுபுள்ளி

பிரெய்லுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. புள்ளியின் உயரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், ஒரே கட்டத்துக்குள் (ஒரு எழுத்துக்கான ஆறு புள்ளிகளின் இடம்: முதல் நெடுவரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3, இரண்டாவதில் 4, 5, 6) புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மில்லிமீட்டர். அந்த விரல்நுனிக்கும் தாளுக்கும் நடுவே உங்கள் கைக்கு இடமே இல்லை. ஆகவே பலர் மாணவரின் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தேய்க்கிறார்கள். இருப்பதிலேயே மோசமான முறை அதுதான். புள்ளி தெரிவது அழுத்தத்தால் அல்ல, தோலின்மேல் அது நகர்வதால். பிடித்து அழுத்தினால் நுனி தட்டையாகி எல்லாம் ஒரே மேடாகத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. முதலில் நீங்கள் ஒரு வரியைப் படியுங்கள். மாணவரின் கைகள் உங்கள் கைகளின்மேல் இருக்கட்டும். அவர் அறிய வேண்டியது எழுத்தை அல்ல. வேகம், லேசுத்தன்மை, இடமிருந்து வலம் நிற்காமல் போகும் ஓட்டம், வரி முடிவில் திரும்பும் விதம். பிறகு அவர் படிக்கும்போது உங்கள் இரண்டு விரல் அவர் மணிக்கட்டுக்கு அடியில் மட்டும் இருக்கட்டும். மணிக்கட்டு அமுங்கத் தொடங்கினால் லேசாக ஏந்துங்கள்.

அழுத்தத்தைச் சோதிக்க ஒரு வழி: வழுக்காத விரிப்பை எடுத்துவிட்டு, தாளை வழவழப்பான மேசையில் தனித்தாளாக வையுங்கள். படிக்கும்போது தாள் விரலோடு நகர்ந்தால் அழுத்தம் அதிகம்.

அடிக்கடி பார்க்கும் பிழைகளில் முதலாவது, எழுத்தின்மேல் மேலும் கீழும் சுரண்டுவது. எழுத்தை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கேட்டால் இந்தப் பழக்கம் தானாக வளரும், குற்றம் மாணவருடையது அல்ல. தொடக்கத்தில் எழுத்தே கேட்காமல், ஆறு புள்ளியும் நிறைந்த கட்டங்களால் ஆன வரியில் எங்கே இடைவெளி வருகிறது என்று மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, ஒற்றை விரல் வாசிப்பு. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் வளைந்து வரியில் இருக்க வேண்டும். நடு விரலும் மோதிர விரலும் வரியை விட்டு வழுக்காமல் காக்கும். மூன்றாவது, இடக்கை சும்மா கிடப்பது. வரியின் முதல் பாதியை இரண்டு கையும் சேர்ந்து படித்து, மறுபாதியை வலக்கை முடிக்கும்போதே இடக்கை அடுத்த வரிக்கு இறங்குவதுதான் இலக்கு.

பிரெய்ல் எழுதுபொறியில் கைக்குக் கீழ் கை அழகாக வேலை செய்யும். 1951-இல் வந்த பெர்கின்ஸ் பொறியில் இடது ஆள்காட்டி 1-ஆம் புள்ளிக்கு, நடுவிரல் 2, மோதிரவிரல் 3. வலப்பக்கம் அதே வரிசையில் 4, 5, 6. நடுவில் இடைவெளி விசை, அதற்குக் கட்டைவிரல். உங்கள் விரல்கள் விசைமேல், அவர் விரல்கள் உங்கள் விரல்மேல். ஒரு எழுத்துக்கான விசைகள் எல்லாம் ஒரே நொடியில் இறங்குகின்றன என்பதை வாயால் விளக்குவதைவிட இப்படிக் காட்டுவது எளிது.

ஸ்லேட்டில் (தாளைச் சட்டத்தில் வைத்துப் பின்பக்கமிருந்து ஊசியால் குத்தி பிரெய்ல் எழுதும் கருவி) வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், 1-2-3 வலப்பக்கம் போய்விடும். "இடது, வலது" என்ற சொல்லையே எடுத்துவிட்டு "முதல் நெடுவரிசை, இரண்டாம் நெடுவரிசை" என்று சொல்லிக் கொடுங்கள். பொறிக்கும் ஸ்லேட்டுக்கும் ஒரே பேச்சு போதும், பாதிக் குழப்பம் தீரும்.

#6 கைத்தெரபி

ஆறுபுள்ளி சொன்ன பொறி பற்றி ஒரு வரி. விசை இறங்க வலு போதாத விரலை மேலிருந்து அழுத்தி உதவினால் மூட்டு வலிதான் மிச்சம். நீட்டிப்பு விசைகள் பொருத்துங்கள், அல்லது லேசான விசையுள்ள மின்னணுப் பொறிக்கு மாறுங்கள். கருவியை மாற்றினால் தீருகிற சிக்கலுக்குக் கையைத் திருத்த வேண்டாம்.

#7 புதுவகுப்பு

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி. நான் காட்டும்போது கையை எடுத்துவிட்டால் எத்தனை முறை திரும்ப முயலலாம்? இன்னொன்று, செய்துகொண்டே பேசுவதா, பேசாமல் செய்வதா?

#8 நுனிவிரல்

கையை எடுத்தால் நிறுத்துங்கள். அது "வேண்டாம்" அல்லது "போதும்" என்பதற்கான அவள் சொல். அதைத் துரத்திப் பிடித்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்று கற்றுக் கொடுத்தவர் ஆகிறோம். தன் உடலைத் தொட யாருக்கு எப்போது உரிமை என்பதை இந்தப் பிள்ளைகள் கற்பது பெரும்பாலும் நம் கைகளிடமிருந்துதான். உங்கள் கை பொருளிலேயே இருக்கட்டும், வேலையைத் தொடர்ந்து செய்யுங்கள், அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கட்டும். பல சமயம் கை தானாகத் திரும்பி வந்து உங்கள் கையைத் தேடும். வராவிட்டால் அன்றைக்கு அந்தப் பொருள் அவ்வளவுதான்.

பேச்சு: தொடுவதற்கு முன்னால் ஒரு வாக்கியம், தொட்ட பிறகு ஒரு வாக்கியம். நடுவில் வாயை மூடிக்கொள்வதுதான் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இருப்பதிலேயே கடினமான திறன். விரல் தகவலைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது காதில் இன்னொரு பாடம் ஓடினால் இரண்டும் உடையும்.

#9 கணக்குப்பெட்டி

அந்த ஒரு வாக்கியத்திலும் "இங்கே", "அங்கே", "இப்படி" வரக் கூடாது. "தட்டின் உன் பக்கத்து விளிம்பு", "பெருவிரலுக்கு நேர் மேலே" என்று சொல்லுங்கள். கடிகார மணியை வைத்துத் திசை சொல்வது நல்ல வழி, ஆனால் கடிகார முகத்தைத் தொட்டுப் பழகிய பிள்ளைக்குத்தான். பிறவியிலிருந்தே பார்வையில்லாத பிள்ளைக்கு "மூன்று மணிப் பக்கம்" என்பது யாரும் சொல்லித்தராத புதிர்.

எந்தக் கையசைவைக் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். லெடர்மன், கிளாட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1987-இல் வெளியிட்ட வகைப்பாடு வகுப்பறைக்கு அப்படியே பயன்படும். சொரசொரப்பு அறியப் பக்கவாட்டில் தேய்க்க வேண்டும். கடினம் அறிய அழுத்த வேண்டும். சூடு அறிய அசையாமல் கை வைக்க வேண்டும். எடை அறியத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மொத்த வடிவுக்கு இரு கையாலும் பொத்திப் பிடிக்க வேண்டும். நுணுக்கமான வடிவுக்கு ஓரத்தைத் தொடர்ந்து போக வேண்டும். "தொட்டுப் பார்" என்றால் பிள்ளை பொத்தென்று கையை வைக்கும், அதில் கிடைப்பது சூடும் குளிரும்தான். "எடை எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு மேசையில் கிடக்கும் பொருளைத் தடவ வைத்தால் பதில் வராது.

தொடு வரைபடத்தில் முதலில் இரண்டு உள்ளங்கையாலும் தாள் முழுவதையும் மேலிருந்து கீழாக ஒருமுறை துழாவ விடுங்கள். எத்தனை பொருள், எந்தப் பக்கம் நெரிசல் என்று தெரியட்டும். பிறகு ஒரு நங்கூரப் புள்ளி: ஆய அச்சுகள் வெட்டும் இடம், அல்லது ஒரு மூலை. இடக்கை அங்கேயே நிற்க வலக்கை மட்டும் பயணம் போகும். நீங்கள் காட்ட வேண்டிய இடத்தில் உங்கள் விரலை வைத்து "என் விரல் அச்சில் இருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லுங்கள். அவர் விரலைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தால் இடம் தெரியும், வழி தெரியாது. இரண்டு கோட்டுக்கு நடுவே 3 மில்லிமீட்டர்கூட இல்லாத படத்தை எந்தக் கை உதவியும் காப்பாற்றாது, வரைந்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

#10 கோல்நடை

மேசையிலிருந்து எழுந்து நடக்கும்போதும் இதே விதிதான். மாணவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவது கைமேல் கை, அவர் நம்மைப் பிடித்து வருவது கைக்குக் கீழ் கை. உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடிக்கட்டும், கட்டைவிரல் வெளிப்பக்கம், மற்ற நான்கும் உள்பக்கம். அரை அடி எடுப்பு பின்னால் வருவார். குட்டிப் பிள்ளைக்கு மணிக்கட்டு அல்லது முன்கை போதும். குறுகலான வழி என்றால் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போங்கள். அவர் கையை நீட்டி நேர் பின்னால் வந்துவிடுவார். படிக்கட்டுக்கு நேர்கோணத்தில் போய் விளிம்பில் நின்று, "ஏறுபடி" அல்லது "இறங்குபடி" என்று சொல்லிவிட்டு ஒரு படி முன்னால் போங்கள். நாற்காலி என்றால் தோளைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். உங்கள் கையை நாற்காலியின் முதுகில் வைத்தால், அவர் கை உங்கள் கை வழியாக இறங்கி அதைக் கண்டுகொள்ளும்.

வெள்ளைக்கோலில்தான் ஆசிரியர்கள் அதிகம் தவறுகிறார்கள். கோலின் நடுத்தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டுகிறார்கள். கோல்நுனி தரையிலிருந்து அனுப்பும் அதிர்வு அங்கேயே அறுந்துவிடும். பிடியின்மேல் முதலில் உங்கள் கை, உங்கள் கைமேல் அவர் கை. கை தொப்புளுக்கு நேரே நடுவில், ஆள்காட்டி விரல் தண்டோடு நீண்டு, அசைவு மணிக்கட்டில் மட்டும். தோளிலிருந்து முழுக் கையும் ஆடினால் முழங்கையை விலாவோடு ஒட்டச் சொல்லுங்கள். வீச்சு இரு தோளையும் சற்றே தாண்ட வேண்டும், நுனி தரையிலிருந்து அதிகம் எழக் கூடாது.

தாளம்: இடக்கால் முன்னே போகும்போது நுனி வலப்பக்கம் தொட வேண்டும். அடுத்து வலக்கால் வைக்கப்போகும் இடத்தை நுனி முன்கூட்டியே பார்த்துவிடும். கால் எந்தப் பக்கமோ கோலும் அந்தப் பக்கமே போனால் ஒவ்வொரு அடியும் சோதிக்காத தரையில்தான் விழும். பலருக்கு நடந்துகொண்டே இது பிடிபடாது. நின்ற இடத்தில் கோலைத் தட்டவிட்டு, பிறகு காலைச் சேருங்கள். நடை ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறதென்றால் முதலில் கை நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகுதான் மற்ற காரணம்.

#11 ஆறுபுள்ளி

குறைபார்வை மாணவர்களை இந்த இழையில் யாரும் தொடவில்லை. அவர்களுக்குக் கையைக் கொடுத்துச் சொல்லும்போது உங்கள் கையே அவர் பார்க்க வேண்டியதை மறைக்கிறது. எந்தப் பக்கப் பார்வை நன்றாக இருக்கிறதோ அதற்கு மறுபக்கமிருந்து கையை நுழையுங்கள். மூளை சார்ந்த பார்வைக் குறைபாட்டில் சிலர் கை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பார்ப்பதையும் தொடுவதையும் ஒரே சமயத்தில் அவர்களால் செய்ய முடிவதில்லை. "பார்த்துத் தொடு" என்று தாடையைத் திருப்பாதீர்கள். முதலில் பார்க்கட்டும், பிறகு தொடட்டும்.

#12 புதுவகுப்பு

களிமண் மட்டும் பாக்கி. மாலை கோர்ப்பது, நாடா முடிச்சுப் போடுவது எல்லாம் இந்த முறையில் தொடங்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

#13 கைத்தெரபி

நாடாவைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லிக் கொடுங்கள். எல்லாம் நீங்கள் முடித்து, கடைசியில் இரண்டு வளையத்தையும் இழுத்து இறுக்குவது மட்டும் அவள். அது நிலைத்தபின் அதற்கு முந்தின படி. ஒவ்வொரு முறையும் வேலை அவள் கையில்தான் முடியும். இரண்டு நாடாவும் வேறு வேறு தொடுவுணர்வில் இருக்கட்டும், ஒன்று தட்டை, ஒன்று உருண்டை.

களிமண்ணுக்கு அவசரமே வேண்டாம். முதல் சில நாள் குச்சியால் குத்தட்டும், கரண்டியால் வெட்டட்டும்; கருவி வழியாகவே அதன் இளக்கம் தெரியும். பிறகு மூடிய நெகிழிப் பையில் போட்டு வெளியிலிருந்து பிசையட்டும். அடுத்து வெறும் களிமண், ஆனால் நன்றாக உலர்ந்து இறுகியது, புறங்கை அல்லது விரல் மூட்டு முதலில். ஈரம் கடைசி. சிலருக்கு லேசான தொடுகைதான் கூசும், உறுதியான அழுத்தம் கூசாது. ஆகவே உங்கள் கை களிமண்ணை நன்றாக அழுத்தியே இருக்கட்டும், தடவ வேண்டாம்.

ஒரு காய்ந்த துணியைத் தட்டின் இடது மேல் மூலையில் நிரந்தரமாக வைத்து, தொடங்கும் முன்பே அது அங்கே இருப்பதை அவள் கை கண்டுகொள்ளச் செய்யுங்கள். எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. துணியைத் துவைக்க எடுத்தால் மாற்றுத் துணியை அதே மூலையில் போட்டுவிட்டு எடுங்கள்.